நோயாளியாக நான் பார்த்த உத்தியோகம்

போன மாதம் மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஓர் இளைஞன், ஒரு பெண். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோச்சிங் சென்டரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு என் குரல் வேண்டுமாம்.

"சேச்சி ஒண்ணும் செய்யண்ட. நூறு வாக்கியம் வாசிச்சுத் தந்தா மதி. பாக்கி எல்லாம் ஆப் பார்த்துக்கும்" என்றாள் அந்தப் பெண். நான் ஒன்றும் செய்ய வேண்டாமாம், வாசித்துக் கொடுத்தால் போதுமாம்.

அந்த ஆப்பில் ஒரு நோயாளி இருப்பாள். என் குரலில் முனகுவாள், என் குரலில் அழுவாள். நர்ஸ்கள் செல்போனைப் பார்த்து அவளுக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில் எத்தனை ஃப்ரேசல் வெர்ப் வந்தது என்று ஆப் தானாகவே எண்ணிக்கொள்ளும். 'எண்ணிக்கொள்ளும்' என்று அவள் சொன்ன இடத்தில் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. சாயா கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் கத்தக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. அன்று கத்தாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் உத்தியோகத்தை முதலில் சொல்ல வேண்டும். நான் நோயாளி. கேரளத்திலிருந்து வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற நர்ஸ்கள் ஓர் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார், நர்ஸ் அவரோடு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் சென்டருக்கும் அப்படி ஒரு நோயாளி தேவை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்தான். எனக்கு வராத வியாதி கிடையாது. காலையில் பிரசவ வலி, மத்தியானம் மூட்டு வலி, சாயா இடைவேளைக்கு அப்புறம் மாரடைப்பு. பிள்ளைகள் என்னை 'பேஷன்ட் சேச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். லோகநாயகி என்ற பெயர் சம்பளம் வாங்குமிடத்தில் மட்டும் உதவியது.

இதற்கென்று நான் படிக்கவில்லை. எங்கள் குடும்பம் பாலக்காடு வழியாகக் கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் இருந்தார். நான் பி.ஏ. முடித்து வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனேன். அங்கேதான் இரண்டு ஆங்கிலம் இருப்பது எனக்குத் தெரிந்தது. நான் அடித்த கடிதங்களில் இருந்த ஆங்கிலம் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும். கப்பல்காரன் கவுண்டரில் வந்து பேசுகிற ஆங்கிலம் பனியனோடு வரும். 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் வாட்டர், ப்ளீஸ் ஸார்ட் இட் அவுட்' என்பான். தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஏதாவது வழி பண்ணு. ரன், அவுட் இரண்டும் இரண்டாம் வகுப்பிலேயே படித்த வார்த்தைகள். சேர்ந்து வந்தால் வேறு ஆளாகிவிடுகின்றன. இந்த ஜோடிக்குத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. நம் தமிழிலும் 'பார்' என்பது வேறு, 'பார்த்துக்கொள்' என்பது வேறு. பசி, வலி, அவசரம் எல்லாம் இந்தச் சின்ன வார்த்தைகளில்தான் வரும் என்று அந்தக் கவுண்டரில் புரிந்துகொண்டேன்.

ஆபீசை மூடினார்கள். சென்டரில் கிளார்க்காகச் சேர்ந்தேன். நோயாளியாக நடிக்க வரும் அம்மாள் ஒரு நாள் வரவில்லை, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று என்னை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

வேலைமுறை இதுதான். இரண்டு அட்டை உண்டு. ஒன்று நர்ஸுக்கு, ஒன்று எனக்கு. என் அட்டையில் எனக்கு என்ன நோய், என்ன பயம், எதற்கு மறுக்க வேண்டும், எப்போது சம்மதிக்க வேண்டும் என்று இருக்கும். நர்ஸின் அட்டையில் அவள் என்னிடம் எதைக் கேட்டு எதற்குச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று இருக்கும். அவள் படிக்க மூன்று நிமிஷம். மணி அடித்ததும் ஐந்து நிமிஷம் பேச்சு. நான் கடைப்பிடித்த ஒரே விதி, புத்தக ஆங்கிலத்தில் நோவதில்லை என்பது. பிள்ளைகள் கல்லூரியில் வாந்திக்கு 'வாமிட்டிங்' என்று படித்திருப்பார்கள். நான் 'ஐ கீப் த்ரோயிங் அப்' என்பேன். மயக்கம் வந்தால் 'ஐ பாஸ்ட் அவுட்' என்பேன். முதல் வாரம் முழிப்பார்கள், இரண்டாம் வாரம் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஊரில் வலியோடு வருகிற கிழவி புத்தகத்தைப் புரட்டிவிட்டா பேசுவாள்? இதைச் சொல்வது எதற்கென்றால், ஃப்ரேசல் வெர்ப் மேல் எனக்குப் பகை என்று யாரும் நினைக்கக் கூடாது. அவற்றைக் காதில் வாங்கப் பழக்கியவளே நான்தான். என் சண்டை வேறு.

சண்டை பாபு சாரோடு. அவர்தான் சென்டரின் டைரக்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், குரலை ஒரு நாளும் உயர்த்த மாட்டார். என்னைவிட வயதில் சின்னவர், என்னையும் 'மோளே', அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பினால்கூட அனுப்பப்பட்டவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் அது தெரியும். அவ்வளவு மென்மை.

ஒரு தடவை எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் தேர்வில் விழுந்துவிட்டார்கள். சார் காக்கநாட்டில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். இயல்பான ஆங்கிலத்துக்குத்தான் மார்க்கு, ஃப்ரேசல் வெர்ப் பேசினால்தான் இயல்பு என்று அங்கே யாரோ சொன்னார்களாம். மறுநாளே ஹாலில் நூறு ஃப்ரேசல் வெர்ப் எழுதிய பெரிய சார்ட் தொங்கியது. தினமும் காலையில் எல்லாரும் நின்றுகொண்டு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். 'லுக் ஆஃப்டர், லுக் இன்டு, லுக் ஃபார்வர்ட் டு' என்று ஹால் முழுக்க முழங்கும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படகு ஜெட்டியில் ஆட்களை எண்ணுவதற்குக் கையில் வைத்திருப்பார்களே, கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று எண் ஏறும் ஸ்டீல் டப்பா, அதில் ஒன்றை வாங்கிவந்தார். நர்ஸ் பேசும்போது பின்னால் உட்கார்ந்து, அவள் வாயில் ஒரு ஃப்ரேசல் வெர்ப் வந்தால் ஒரு டிக். ஐந்து நிமிஷத்தில் ஆறு டிக் விழாவிட்டால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் வைக்கும் இன்டர்வியூவுக்குப் பெயர் போகாது.

என்ன ஆகும்? நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்பேன். எதிரே இருக்கும் பெண்ணின் கண் என் மேல் இருக்கும், கை மேஜைக்கு அடியில் இருக்கும். கட்டைவிரல் சுண்டுவிரலிலிருந்து மோதிர விரலுக்கு நகருவது எனக்குத் தெரியும். எண்ணுகிறாள். 'யூ ஹேவ் டு புட் அப் வித் இட். கேரி ஆன். ஐ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ' என்பாள். சகித்துக்கொண்டு இருங்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். கரண்ட் போய்விட்டது என்று மின்வாரியத்துக்குப் போன் பண்ணினால்கூட இதைவிட ஆதரவாகப் பதில் வரும். ஆனால் பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்க, அவள் முகம் மலர்ந்துகொண்டே போகும். மாரடைப்பு வந்தவளுக்கு முன்னால் மலர்ந்த முகம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். மார்க்கு ஷீட்டில் ஆசிரியருக்கு ஒரு கட்டம், டைரக்டருக்கு ஒரு கட்டம், டிக்குக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, நோயாளிக்கு எப்படி இருந்தது என்று ஒரு கட்டம் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"எந்தா மோளே இது. நோயாளிக்கு எந்தறியாம்?"

நோயாளிக்கு என்ன தெரியும் என்கிறார். இன்றைக்கும் சோறு தின்னும்போது இந்தக் கேள்வி ஞாபகம் வந்தால் எனக்குப் புரையேறுகிறது.

ஜெயந்தி இந்தக் காலத்தில்தான் வந்தாள். கூவப்பாடத்துப் பெண், எங்களைப் போலப் பழைய தமிழ்க் குடும்பம். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவாள். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கேன்சர் வார்டு. அவள் புருஷன் வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் விமானம் ஏறும்போது ஜெயந்திக்கு ஆறு மாதம். பிறந்த பெண்குழந்தையை அவன் தொட்டதில்லை. குழந்தைக்கு அப்பா என்றால் போன். ஒரு நாள் வகுப்பு முடிந்து அவளைக் கூட்டிப்போக அவள் அம்மா குழந்தையோடு வந்திருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துப்போனது. குழந்தை அதைத் தடவிவிட்டு, "அப்பா ஒறங்கியாச்சு" என்றது. ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று எர்ணாகுளத்தில் இன்டர்வியூ வைப்பதாக இருந்தது. அவள் புருஷன் இருந்த ஊரிலேயே இருக்கிற ஆஸ்பத்திரி. சென்டர் மூலமாகத்தான் பெயர் போக வேண்டும். ஜெயந்தியை சார் ஏற்கெனவே இரண்டு தடவை கழித்துவிட்டார். டிக் போதவில்லை.

"அந்த நூறையும் தலைகீழாச் சொல்லேன் கேட்போம்" என்று நான் அவளைச் சீண்டினேன்.

"தெரியும்க்கா. எல்லாம் தெரியும். பக்ஷே வலியிலே கெடக்கிற ஆளு முன்னாடி இருந்துட்டு விரல் விட்டு எண்ண எனக்கு வராது."

"ஆறுதானேடி. வாயில போட்டுக்கோயேன்."

"வார்டிலே ஒரு அம்மச்சி உண்டு. நான் ஊசி போடறப்ப என் கண்ணைத்தான் பார்க்கும். கண்ணு வேற எங்கியாவது போச்சுன்னா கையை இழுத்துக்கும். அது ஞாபகம் வந்தா எனக்கு எண்ணம் தெத்திப்போகும்க்கா." கணக்குத் தப்பிவிடும் என்கிறாள்.

பெயர் அனுப்புவதற்கு முன்னால் சென்டரில் கடைசித் தேர்வு நடந்தது. என் அட்டையில் இப்படி இருந்தது: சர்க்கரை நோய், பாதத்தின் அடியில் ஆறாத புண். போன மாதம் கணவர் இறந்துவிட்டார். அதிலிருந்து ஊசி போட்டுக்கொள்வதில்லை, ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நர்ஸ் என்னைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கவைக்க வேண்டும்.

ஜெயந்திக்கு முன்னால் ரின்ஸி என்றொரு பெண். சென்டரில் எப்போதும் முதல். நல்ல பெண்தான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் கணவர் போய்விட்டார் என்று நான் சொன்னதும் அவள் ஆரம்பித்தாள். 'யூ மஸ்ட் கெட் ஓவர் இட்.' டிக். 'சியர் அப்.' டிக். 'டோன்ட் கிவ் அப், மூவ் ஆன்.' டிக் டிக். புருஷன் செத்து ஒரு மாதம்தான் ஆகிறது, கடந்து போ, குதூகலமாக இரு என்கிறாள். நம் ஊரில் துக்க வீட்டில் போய் இப்படிச் சொன்னால் செருப்பைத் தேடுவார்கள். நான் என்ன செய்ய முடியும்? நாலாவது நிமிஷத்தில் நோயாளி சம்மதிக்க வேண்டும் என்று அட்டையில் இருந்தது. சம்மதித்தேன். ஒன்பது டிக். சார் தலையாட்டினார்.

அடுத்து ஜெயந்தி வந்தாள். நாற்காலியை இழுத்துக் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கை இரண்டும் மேஜை மேல் இருந்தன. கணவர் இறந்துவிட்டார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் சார் செருமினார். அவள் என் பாதம் இருக்கும் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ரொம்பச் சாதாரண ஆங்கிலத்தில்.

"புண் பாதத்துக்கு அடியிலே இருக்கு. உங்களால பார்க்க முடியாது. இதுவரைக்கும் யாரு பார்த்துச் சொல்லிட்டிருந்தாங்க?"

என் அட்டையில் இதற்குப் பதில் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தப் புண்ணோடு என்னைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் இதைக் கேட்டதில்லை. அட்டையில் இல்லாவிட்டால் என்ன, பதில் ஒன்றுதானே இருக்க முடியும்.

"அவர்தான்" என்றேன்.

என் குரல் எனக்கே பிடிபடவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, செத்துப்போக ஒரு புருஷனும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் ஒரு மனுஷன் தினமும் ராத்திரி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பெண்டாட்டியின் காலைத் தூக்கிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. ஊசியை ஏன் நிறுத்தினாள், ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை, எல்லாம் அப்போதுதான் எனக்கே விளங்கியது. அத்தனை வருஷமாக நடித்துக்கொண்டிருந்தவளை அன்றைக்குத்தான் ஒருத்தி விசாரித்தாள்.

ஜெயந்தி மறுபடி என் பாதத்தைப் பார்த்தாள். அப்புறம், "லெட் மி லுக் ஆஃப்டர் இட் டுடே" என்றாள். இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிக்.

ஆமாம், லுக் ஆஃப்டர். சார்ட்டில் முதல் வரி. அந்த இடத்தில், அந்த வார்த்தைக்கு, அந்த மனுஷன் டப்பாவை அமுக்கினார். எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. நான் எழுந்து நின்றேன். இருபது வருஷத்தில் நோயாளி நாற்காலியை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி அவரைப் பார்த்து, நோயாளியாகவே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஐ ஆம் டாக்கிங் டு மை நர்ஸ். ப்ளீஸ் கெட் அவுட்."

ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். அவர் அசையவில்லை. அவர் கட்டைவிரல் மட்டும் பழக்கதோஷத்தில் அமுங்கியது. டிக்.

யாரும் சிரிக்கவில்லை. சார் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்ல எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நான் உட்கார்ந்தேன். ஜெயந்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு சின்னக் கண்ணாடி தருகிறேன், தரையில் வைத்து அதற்கு மேலே காலைத் தூக்கிப் பிடித்தால் நீங்களே பார்க்கலாம், எப்படி என்று இப்போது காட்டுகிறேன் என்றாள். சம்மதம் என்றேன். மணி அடித்தது.

சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "லோகா சேச்சி நிறைய கஷ்டப்பட்டாச்சு. இனி ரெஸ்ட் எடுக்கணும்" என்றார். அதுவரை மோளாக இருந்தவள் அன்றுதான் சேச்சி ஆனேன். சொன்னேனே, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று. தோப்பும்படியில் பஸ் இறங்கும்போதுதான் எனக்கு வேலை போய்விட்டது உறைத்தது. வயசும் ஆகியிருந்தது, ஓய்வு என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஆனது பெரிதில்லை. ஜெயந்தியின் பெயரை அவர் அனுப்பவில்லை. டிக் ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று என் 'கெட் அவுட்'டையும் அவள் கணக்கில் சேர்த்தாலும் ஆறு வராது. ரின்ஸி போனாள். ஜெயந்தி சென்டரை விட்டுவிட்டு, ராத்திரி டூட்டி பார்த்துக்கொண்டே தானாகப் படித்து, தானாகவே விண்ணப்பம் போட்டு, அதே ஆஸ்பத்திரிக்குத் தேர்வானாள். ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் குழந்தை போனைத் தடவிக்கொண்டிருந்தது.

அவள் விமானம் ஏறின மாதத்தில் தோப்பும்படி ஜங்ஷனில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு முளைத்தது. வரிசையாக முகங்கள், நடுவில் ஜெயந்தி. நூறு ஃப்ரேசல் வெர்ப் முறையில் படித்து வென்றவர்கள் என்று கீழே பெரிய எழுத்து. நட்ட நடு ரோட்டில் நின்றுகொண்டே சாருக்குப் போன் போட்டேன்.

"பழைய ஸ்டூடன்ட் அல்லே சேச்சி" என்றார், அதே மென்மையோடு. போர்டு மழையில் கிழியும்வரை அங்கேதான் இருந்தது.

இப்போது என் குரலைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் நேற்று மறுபடி போன் பண்ணினாள். ஒரே ஒரு விஷயம் கேட்டேன். உங்கள் ஆப்பில் இருக்கும் நோயாளிக்கு நர்ஸ் பேசுவது பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போக முடியுமா?

"அங்ஙனே ஒரு ஆப்ஷன் இல்ல சேச்சி. பசங்களுக்கு மனசு தளர்ந்துபோகும்."

அப்படியானால் என் குரலும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. ஜெயந்தியைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம், அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் ஆப், சார்ட், டப்பா என்று ஆரம்பம் முதல் பொரிந்து தள்ளினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடுங்கக்கா" என்றாள். "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க. இங்க நடக்கிறதைக் கேளுங்க."

போனை எங்கோ கொண்டுபோய்ப் பிடித்தாள். யாரோ குறட்டை விடும் சத்தம். அவள் புருஷன் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுத்திருக்கிறான் போல. கட்டில் மேல் ஏதோ தொம் தொம்மென்று குதிக்கிறது. குழந்தைதான். அங்கே பாலர் பள்ளிக்குப் போகிறதே, அந்த ஊர் ஆங்கிலம் நாக்கில் ஒட்டியிருக்கிறது.

"டாடி, வேக் அப். வேக் அப், டாடி."

குறட்டை நின்றது. ஒரு ஆண் குரல் தூக்கத்தில் ஏதோ முனகியது, குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. ஜெயந்தி நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள். அந்த இரண்டு வார்த்தையை அந்தக் குழந்தை ஒரு வருஷம் முந்தியே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். டப்பாவை அமுக்கி அதைத் தள்ளிப்போட்ட கட்டைவிரலை நான் மன்னிப்பதாக இல்லை.